அசையாப் படங்களை அசைத்தவர்: சாமிக்கண்ணு வின்சென்ட்

இரண்டரை மணி நேரம் ஓடுகின்ற ஒரு திரைப்படச் சுருளில் எத்தனை படங்கள் இருக்கும்? வினாடிக்கு 24 என்று பெருக்கிப் பார்த்தால் 2,16,000 வருகிறது. அவற்றுள் ஒன்றேனும் அசைவதில்லை. புகைப்பட நிலையத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் படத்தைப் போல ஒவ்வொன்றும் அப்படியே உறைந்து நிற்பது. போதாக்குறைக்கு ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே திரை முழுவதும் இருண்டு விடுகிறது. படச்சுருள் ஓடிய நாளில் காசு கொடுத்து உள்ளே போன நாம் ஏறத்தாழப் பாதி நேரம் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றால் நம்புவதற்குச் சிறிது கடினமாகவே இருக்கும். இருந்தும் கதாநாயகன் நடக்கிறான், குதிரை ஓடுகிறது, கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. இந்த அசைவு எங்கே நிகழ்கிறது?

இவ்வினாவோடு ஒரு தமிழரின் வாழ்க்கையைச் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் விஞ்ஞானி அல்லர். கண்ணைப் பற்றி ஆராய்ந்தவரும் அல்லர். ஆனால் கண்ணின் இந்த விந்தையை நம்பி, கிடைத்திருந்த நல்ல வேலையைத் துறந்தவர். தென்னகத்தில் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டிய முதல் தென்னிந்தியர் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவர்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். பெயரிலேயே கண்ணை வைத்துக்கொண்டு பிறந்தவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வளர்ந்து வேலைக்கு வந்தது திருச்சிராப்பள்ளிக்கு. தென்னிந்திய ரயில்வே கம்பெனியில் வரைபடம் தயாரிக்கும் பணி. அந்தக் காலத்தில் ரயில்வே உத்தியோகம் என்றால் என்ன மதிப்பு என்பதை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை, பெண் கொடுக்க ஆள். காவிரிக் கழிமுகத்தின் வாயிலாக விளங்கிய திருச்சியே அந்தக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. நாகப்பட்டினத்தில் புறப்பட்டுத் தஞ்சை வழியே திருச்சி வரை செல்லும் இருப்புப்பாதை 1862-லேயே முடிந்துவிட்டது. நெல்லும் பயணிகளும் போய்வந்த அந்தப் பாதைகளில் பின்னர் கூடாரமும் படச்சுருளும் போகப் போகின்றன என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்!

1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் சலனப்படம் காட்டிக்கொண்டே திருச்சிக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் ஒரு ஒளிவீழ்த்தியும் சில குறும்படங்களும் இருந்தன. இயேசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அவற்றுள் முதன்மையானது. வந்த இடத்தில் அவருக்கு உடல்நலம் கெட்டது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப எண்ணினார். வாங்க முன்வந்தவர் 22 வயது வின்சென்ட். விலை இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். அன்றைய நிலையில் அது ஒரு குமாஸ்தாவின் பல ஆண்டுச் சம்பளம். பணத்தைப் புரட்டிக் கருவியை வாங்கினார். வேலையை விட்டார்.

துணிச்சல் என்று இதை ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. அவர் வாங்கியது என்ன என்று எண்ணிப் பாருங்கள். நிலம் வாங்கினால் நெல் விளையும், மாடு வாங்கினால் உழும். இவர் வாங்கியதோ ஒரு பெட்டி, ஒரு கைப்பிடி, சில சுருள்கள். மீதமெல்லாம் பார்ப்பவர் கண்ணில்தான் விளைய வேண்டும்.

நம் தஞ்சைத் தரணிக்குத் திரையில் நிழல் பார்ப்பது புதிதன்று. மராத்திய மன்னர் காலத்தில் ஆதரவு பெற்ற தோற்பாவைக் கூத்து நெடுங்காலம் இங்கே நடந்து வந்தது. வெள்ளைத் துணிக்குப் பின்னால் எண்ணெய் விளக்கு எரியும். காற்றில் சுடர் ஆடும்போது இராவணனும் சற்று நடுங்குவான். ஆனால் அங்கே பாவை உண்மையாகவே அசைகிறது. பாவையாட்டியின் விரல் அசைக்க, அதன் நிழல் அசைகிறது, அவ்வளவுதான். டூபாண்டின் பெட்டியில் இருந்தது இதற்கு நேர்மாறானது. அதில் அசைவு என்று காட்டப்படும் பொருள் எதுவுமே அசையாது. அசைகின்ற ஒன்றே ஒன்று படச்சுருள், அந்த அசைவைப் பார்வையாளர் பார்த்துவிட்டால் காட்சியே கெட்டுவிடும்!

எப்படி என்று விளக்குகிறேன். சுருள் தொடர்ச்சியாக ஓடினால் திரையில் வெறும் கீறல்களே தெரியும். ஆகவே ஒரு படம் ஒளியின் முன் வந்து நிற்க வேண்டும். நின்றபின் ஒரு கொக்கியோ பல்சக்கரமோ அதை வெடுக்கென்று இழுத்து அடுத்ததை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இழுபடும் நேரத்தில் ஒரு தகடு சுழன்று வந்து ஒளியை மறைக்க வேண்டும். நின்றால் வெளிச்சம், நகர்ந்தால் இருட்டு. மௌனப்பட நாளில் வினாடிக்கு 16 படம் என்பது பொதுவான வேகம். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். ஆகவே வினாடிக்கு ஓர் அடி ஓடும், ஆயிரம் அடிச் சுருள் 16 நிமிடம் 40 வினாடி வரும். அக்காலக் கருவிகளில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் எட்டுப் படங்கள் நகரும். எனவே வினாடிக்கு இரண்டு சுற்று, கை சளைக்காமல், மெதுவாகவும் ஆகாமல் வேகமாகவும் போகாமல். திரைக்கு முன்னால் இருப்பவர்கள் அழுதாலும் சிரித்தாலும் சுற்றுபவரின் மணிக்கட்டு மட்டும் கடிகாரமாக இருக்க வேண்டும்.

கை தளர்ந்தால் இரண்டு தீங்குகள். முதலாவது நெருப்பு. அன்றைய படச்சுருள் நைட்ரேட் செலுலாய்டு, பஞ்சினும் கடுகிப் பற்றும். கடுஞ்சூடான விளக்கின் முன் ஒரே படம் நின்றுவிட்டால் தீ. 1897 மே 4-ஆம் நாள் பாரிஸ் நகரத்து அறச்சந்தை ஒன்றில் ஒளிவீழ்த்தியின் விளக்கிலிருந்து பற்றிய தீயில் 120-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மின்சாரம் எட்டிப் பாராத ஊர்களில் ஊர்சுற்றிக் காட்சிக்காரர்கள் பலர் சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன், ஹைட்ரஜன் சுவாலையில் வெண்சூடாக்கி ஒளி பெற்றார்கள். வாயுவும் சுவாலையும் நைட்ரேட்டும் ஓலையும் துணியும் ஒரே இடத்தில் இருந்தன. இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தீங்கு கண்ணுக்கு. ஒளி விட்டு விட்டு வரும்போது அதைச் சிமிட்டலாகக் காண்பதா, தொடர்ந்த ஒளியாகக் காண்பதா என்று முடிவு செய்ய நம் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. வினாடிக்குப் பதினாறு முறை சிமிட்டும் ஒளியைக் கண்ணால் தாங்க இயலாது, தலை வலிக்கும். வினாடிக்கு 15 முதல் 20 முறை வரை துடிக்கும் ஒளி சிலருக்கு வலிப்பையே உண்டாக்கும் என்பது இன்று மருத்துவர் நன்கறிந்த செய்தி. ஏறத்தாழ 50 முறைக்கு வந்தால், மங்கலான திரையில் துடிப்பு மறைந்து ஒளி இழைந்துவிடுகிறது. ஆனால் வினாடிக்கு ஐம்பது படம் ஓட்டினால் சுருளுக்குச் செலவு மூன்று மடங்காகுமே? இதற்கு ஐரோப்பியக் கருவியாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த வழி மிக எளியது, மிக அழகியது. சுழலும் தகட்டில் ஓர் இதழுக்குப் பதில் மூன்று இதழ் வைத்தார்கள். ஒரே படம் நிற்கும்போதே ஒளி மூன்று முறை வந்து போகும். படம் 16, ஒளித்துடிப்பு 48. சிமிட்டலைக் குறைக்க அவர்கள் மேலும் இருட்டைச் சேர்த்தார்கள்! விஞ்ஞானத்தில் இதுபோன்ற தலைகீழ்ப் பாடங்கள் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இந்த எல்லை ஒரே எண்ணாக நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரை எவ்வளவுக்கெவ்வளவு பிரகாசமோ அவ்வளவுக்கு எல்லை உயர்கிறது. பிரகாசம் பத்து மடங்கு ஏறும்போதெல்லாம் அது ஏறத்தாழ ஒரே அளவு கூடுகிறது. ஒளி மங்கிய கூடாரத் திரையில் தெரியாத சிமிட்டல், பளீரென்ற திரையில் தெரிந்துவிடும். கடைக்கண்ணுக்கும் நேர்ப்பார்வைக்கும்கூட வேறுபாடுண்டு. நம் விடுதியில் பழுதடைந்த குழல்விளக்கு இருந்தால் சோதித்துப் பாருங்கள். நேராக நோக்கினால் ஒழுங்காக எரிவது போலிருக்கும். புத்தகத்தைப் பார்த்தபடி ஓரக்கண்ணில் படும்போது துடிக்கும். நல்ல குழல்விளக்கும் பழைய சோக்கில் எரியும்போது வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது, அது நமக்குத் தெரிவதில்லை. ஈக்குத் தெரியும். அதன் கண் வினாடிக்கு இருநூறுக்கும் மேற்பட்ட துடிப்புகளைப் பிரித்தறிய வல்லது. வின்சென்டின் கூடாரத்துக்குள் டிக்கெட் இல்லாமல் நுழைந்த ஈக்கள் சலனப்படம் பார்த்திருக்க முடியாது. தனித்தனிப் படங்களையும் இடையிடையே இருளையும்தான் அவை பார்த்திருக்கும்.

திருச்சியில் காட்சி நடத்திய வின்சென்ட், கருவியோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். தென்னகத்தைத் தாண்டி வடக்கே பெஷாவர் வரை அவருடைய பயணம் நீண்டது. ரயில் நின்ற இடமெல்லாம் மைதானம், மைதானமெல்லாம் கொட்டகை. மொழி தெரியாத ஊரிலும் இயேசுவின் படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை, அது ஊமைப்படமல்லவா! 1909-இல் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அடித்தார். எடிசன் கிராண்ட் சினிமா மெகாபோன் என்று அதற்குப் பெயர். பெயரின் நீளத்துக்கே பாதிக் கூட்டம் வந்திருக்கும். பின்பு பிரெஞ்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தின் ஒளிவீழ்த்திகளை விற்கும் முகவராகவும் ஆனார். தாம் செய்த தொழிலைப் பிறர் செய்யக் கருவி விற்றவர் அவர். போட்டியாளரைத் தாமே உண்டாக்குகிறோமே என்ற அச்சம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி முதல் வினாவுக்கு வருவோம். அசைவு எங்கே நிகழ்கிறது? தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் எல்லோரும் ஒரே விடை எழுதுவார்கள்: பார்வை நீடிப்பு. விழித்திரையில் விழுந்த உருவம் வினாடியில் பதினாறில் ஒரு பங்கு நேரம் நிலைத்திருக்கிறது, அது மறையுமுன் அடுத்த உருவம் வந்துவிடுவதால் அசைவு தெரிகிறது. மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இவ்விடை பாதிதான் சரி என்பதை நண்பர்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

கார்த்திகைத் தீபத்தன்று நம் ஊர்ப் பிள்ளைகள் மாவளி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கரித்தூள் பொதியில் நெருப்பிட்டுக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால் தீப்பொறி வட்டம் ஒன்று இருளில் நிற்கும். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினாலும் அப்படியே. கொள்ளிவட்டம் என்று தமிழிலும் அலாத சக்கரம் என்று வடமொழித் தத்துவ நூல்களிலும் இது பன்னூற்றாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. பார்வை நீடிப்புக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் கூர்ந்து நோக்குங்கள். இங்கே உண்மையில் அசைவது நெருப்பு, நமக்குத் தெரிவதோ அசையாத வட்டம்! பார்வை நீடிப்பு அசைவை உண்டாக்கவில்லை, இருந்த அசைவை அழித்துவிட்டது. திரையிலும் இதுமட்டுமே வேலை செய்தால் நடக்கும் மனிதனின் பத்துக் கால்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து விசிறி போலத் தெரியுமே ஒழிய, அவன் நடக்க மாட்டான். இருண்ட இடைவெளி நமக்குத் தெரியாமல் போவதற்குப் பார்வை நீடிப்பு துணை செய்கிறது. நடையைத் தருவது வேறொன்று.

ஐரோப்பாவிலும் இந்தக் குழப்பம் நெடுநாள் இருந்தது. 1824-இல் ரோஜே என்ற ஆங்கில மருத்துவர் வேலிச் சட்டங்களின் இடுக்கு வழியே உருளும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் வளைந்து தெரிவதை ஆராய்ந்தார். அதுவும் அசையாத வளைவைப் பற்றியதே. 1832-இல் பெல்ஜிய நாட்டுப் பிளாட்டோ சுழல்தட்டில் படங்களை வரைந்து ஆடவைத்தார். பிறர் கண்ணுக்கு அசைவைத் தந்த அம்மேதை பின்னாளில் இரு கண்ணும் இழந்தார், பார்வையற்ற நிலையிலும் ஆய்வை விடவில்லை. விடையை நெருங்கியவர் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலறிஞர். 1910-இல் ரயிலில் போய்க்கொண்டிருந்தவர் மனத்தில் ஓர் எண்ணம் தோன்ற, பிராங்பர்ட்டில் இறங்கிப் படம் ஆடும் பொம்மை ஒன்றை வாங்கிச் சோதித்தார் என்பது அந்தத் துறையில் வழங்கும் கதை. 1912-இல் ஆய்வை வெளியிட்டார். இரண்டு கோடுகள் அடுத்தடுத்து மின்னுகின்றன. இடைவெளி வினாடியில் ஐந்திலொரு பங்கானால் ஒன்று, பிறகு மற்றொன்று என்று தனித்தனியே தெரியும். மிகக் குறைத்தால் இரண்டும் ஒன்றாக எரியும். இடையிலே, ஏறத்தாழ ஆயிரத்தில் அறுபது பங்கு வினாடியில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்து போவதாகத் தெரியும். நகர்ந்த கோடு எங்கும் இல்லை. ஒரு கோட்டை வலக்கண்ணுக்கும் மற்றதை இடக்கண்ணுக்கும் காட்டினாலும் அசைவு தெரிகிறது. ஆகவே இது விழித்திரையோடு முடிகிற வேலையன்று, மூளையும் செய்கிற வேலை.

இன்னும் ஐயமிருந்தால் மேட்டூர் திறந்து கல்லணையில் தண்ணீர் புரளும் நாளில் போய் நில்லுங்கள். மதகின் கீழ் ஓடும் நீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் இமை கொட்டாமல் பார்த்துவிட்டுச் சட்டென்று கரையின் புல்லை நோக்குங்கள். புல் எதிர்த்திசையில் ஊர்ந்து செல்லும், ஆனால் இடம் மாறாது! 1834-இல் ஸ்காட்லாந்து அருவி ஒன்றில் ஆடம்ஸ் என்பவர் இதைக் கண்டு எழுதினார். இடம் மாறாமலே அசைவு தெரிகிறது என்றால், இடத்தை அறிய ஒன்றும் அசைவை அறிய மற்றொன்றுமாக மூளையில் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது என்றுதானே பொருள்? ஒரு திசை அசைவை அறியும் நரம்பணுக்கள் சளைத்துப்போக, எதிர்த்திசைக்குரியவை மேலோங்கி விடுகின்றன. அந்த ஏற்பாடு மட்டும் பழுதானால் என்ன ஆகும்? ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1983-இல் ஒரு பெண் நோயாளியின் நிலையை வெளியிட்டார்கள். மூளையின் ஒரு பகுதி பழுதானதால் அவருக்கு உருவம் தெரியும், நிறம் தெரியும், அசைவு தெரியாது. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகத் தெரிந்ததால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தூரத்தில் இருந்த வாகனம் திடீரென்று அருகில் இருக்கும். அவரால் சாலையைக் கடக்க இயலவில்லை. நமக்கோ மூளை கொண்ட வேலையைக் கேட்காமலே செய்து, சில நேரம் மிகையாகவும் செய்துவிடுகிறது. புராணப் படத்தில் தேர் முன்னே ஓட, சக்கரம் பின்னே சுற்றுவது அதனால்தான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஆரக்கால் முன்னிருந்த ஆரக்காலின் இடத்தைச் சற்றே எட்டாமல் நின்றால், மூளை அருகிலிருப்பதோடு சேர்த்துப் பின்னோக்கி நகர்ந்ததாகத் தீர்மானித்துவிடுகிறது.

இவையெல்லாம் வின்சென்டுக்குத் தெரியுமா என்று கேட்டால், தேவைப்படவில்லை என்பதே விடை. கைப்பிடியின் வேகம் அவருக்குத் தெரியும். எந்த வேகத்தில் கூட்டம் அமைதியாகிறது, எதில் முணுமுணுக்கிறது என்பது பல ஆயிரம் இரவுகளில் படிந்த அறிவு.

1914-இல் பிறந்த ஊரான கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கத்தைக் கட்டினார். பைக்காராவின் மின்சாரம் கோவைக்கு வந்ததே 1930-களில்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எஞ்சின் வைத்துச் சொந்தமாக மின்சாரம் எடுத்துப் படம் ஓட்டினார். அதே மின்சாரத்தால் அச்சகமும் அரைவை ஆலையும் நடத்தினார். ஊர்சுற்றிய நாளின் ஆடும் சுடருக்குப் பழகியவருக்கு நிலையான ஒளியின் அருமை நமக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பேசும் படம் வந்தபோது கைப்பிடிக்கு வேலை போயிற்று. ஒலியும் சுருளிலேயே பதிந்திருப்பதால் வேகம் இம்மி பிசகினாலும் குரல் கெடும். ஆகவே வினாடிக்கு 24 படம் என்று உலகெங்கும் உறுதியாயிற்று, மோட்டார் சுற்றத் தொடங்கியது. ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்தது. ஒரே கருவி வைத்திருந்த கீற்றுக்கொட்டகைகளில் சுருளுக்குச் சுருள் விளக்கெரிந்து முறுக்கு விற்றதன் காரணமும் அதுவே. ஐம்பது வயதை எட்டிய வின்சென்ட் இந்த மாற்றத்துக்கும் ஒதுங்கி நிற்கவில்லை. கல்கத்தாவின் பயனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து வள்ளி திருமணம் என்ற படத்தைத் தயாரித்தார். பி. வி. ராவ் இயக்கிய அப்படம் 1933-இல் வெளிவந்து நன்றாக ஓடியது. வள்ளியாக நடித்தவர், முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸில் 1931-இல் தோன்றிய டி. பி. ராஜலட்சுமி. அந்த டி என்ற எழுத்துக்குத் திருவையாறு என்று விரிவு என்பதை நம் மாவட்டத்து மாணவர்கள் மறக்க மாட்டார்கள். காவிரியின் தலைவாயிலில் பெட்டி வாங்கிய மனிதர், இருபத்தெட்டு ஆண்டு கழித்து, காவிரிக்கரைப் பெண்ணொருத்தியின் ஆடலை வினாடிக்கு இருபத்து நான்கு அசையாப் படங்களாகப் பிரித்துச் சுருட்டி ஊர்களுக்கு அனுப்பினார். சேர்த்துக்கொள்வது அவரவர் கண்ணின் பொறுப்பு.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1942 ஏப்ரல் 22-ஆம் நாள், 59 வயதில் காலமானார். அவர் கட்டிய அரங்கு பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது. அரங்கிருந்த தெருவுக்குக் கோவையில் இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே பெயர்.